சயாமாவை டீக்கடைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுவிட்டான்

கேள்வி: ரங்கூன் அம்மா
மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம். மற்ற பிள்ளைகளோடு பழகக் கற்றுக்கொள்ளட்டும் என்று வாரம் ஒருநாள் ஆன்லைன் வகுப்பில் சேர்த்தேன். எல்லாம் அமெரிக்க அட்டைகள். "கடைக்காரர் கண்ணைப் பார், எக்ஸ்கியூஸ் மீ சொல்" என்று ஒன்று. எங்கள் டீக்கடையில் அப்படியே செய்தான். டீ கொடுக்கிற பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போட்டார், உடனே லபெயே, அதுதான் பால் டீ, வந்தது. என் பிள்ளை கவனித்துவிட்டான். மறுநாள் பள்ளியில் சயாமாவை (பர்மியத்தில் டீச்சரம்மா) அதே சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறான்! வெளியே நிறுத்தி, என்னையும் வரவழைத்து வளர்ப்பைப் பற்றிப் பேசினார்கள். எங்கே எது என்பதை இவனுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: மோல்மேன் அக்கா
தங்கச்சி, பிள்ளை பிழை செய்யவில்லை. எது பலிக்கிறது என்று பார்த்துப் பிடித்திருக்கிறான். அட்டையைத் தூக்கி வையுங்கள். கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1991-ல் கொண்டுவந்த சோஷியல் ஸ்டோரி முறையைப் பாருங்கள். இடம், ஆள், நடக்கிற விதம், அதன் காரணம், இவ்வளவையும் பிள்ளை சொல்வதுபோல் சின்னக் கதையாக எழுதுவது. "செய்யாதே" குறைவாக, விளக்கம் கூடுதலாக இருக்கவேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"டீக்கடையில் இரைச்சல் அதிகம். அதனால் உதட்டுச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறார்கள். வகுப்பில் அவ்வளவு இரைச்சல் இல்லை. அங்கே பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு 'சயாமா' என்கிறார்கள். நானும் அப்படிக் கூப்பிட்டுப் பார்ப்பேன்."

அந்த டீக்கடையையே போட்டோ எடுத்து ஒட்டுங்கள். காசை வலது கையால் நீட்டி, மரியாதைக்கு இடது கையால் வலது முழங்கையைத் தொடுவதற்கும் ஒரு பக்கம் எழுதலாம். அமெரிக்க அட்டையில் அது எங்கே இருக்கப்போகிறது?

பதில்: சத்தம் ஆகாதவன்
எனக்கு 26 வயது, நானும் ஆட்டிசம்காரன்தான். அந்தக் கண்ணைப் பார்க்கிற பாடத்தை நிறுத்துங்கள் அக்கா. முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு காதில் ஏறாது. சின்ன வயதில் மோவாயைப் பிடித்துத் திருப்புவார்கள், இன்னும் மறக்கவில்லை. டேமியன் மில்டன், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் எழுதினார்: எங்களுக்கு உங்களைப் புரியாததுபோல உங்களுக்கும் எங்களைப் புரிவதில்லை. அந்தச் சயாமாவுக்கு யார் வகுப்பு எடுப்பது?

பதில்: லுங்கி மாமா
எனக்கு அட்டை, கதை எதுவும் தெரியாதும்மா. என் தம்பி மகனும் இப்படித்தான். சாயங்காலம் சின்லோன் ஆடவிட்டோம். ஆறு பேர் வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் உதைப்பார்கள். எதிரணி கிடையாது, தோற்கவும் முடியாது. தன் முறை வரும்வரை நிற்க அதில்தான் பழகினான். முதல் மாதம் பந்து பொறுக்கினான், அவ்வளவுதான்.

மறுபதில்: ரங்கூன் அம்மா
எல்லாருக்கும் நன்றி. கண் அட்டையைக் கிழித்தாயிற்று. கதையை எழுதி அக்கா சொன்னபடி போட்டோவும் ஒட்டினேன். மூன்று தடவை படித்துவிட்டு, டீக்கடைப் படத்தில் மேசை இடம் மாறியிருக்கிறது என்றான். உண்மைதான், அது பழைய போட்டோ. திங்கட்கிழமை கையைக் கட்டிக்கொண்டு "சயாமா" என்று கூப்பிட்டானாம், கொஞ்சம் உரக்க. நேற்றுக் காளி கோயில் வாசலில் நின்றுகொண்டு, "குருக்களை எப்படிக் கூப்பிடணும்மா?" என்கிறான். இன்று ராத்திரி அந்தக் கதையை எழுதவேண்டும்.