நிக்கொற்றீன் வாங்கியா, ஏற்பியா?

எல்லாருக்கும் வணக்கம்.

தாதிய மாணவருக்கான குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். தன்னாட்சி நரம்புத்தொகுதி (இதயம், குடல் போன்றவற்றை நாம் நினையாமலே இயக்கும் நரம்புகள்) என்ற பாடம் மட்டும் மூன்று நாளாக என் மேசையில் கிடக்கிறது. அதில் வரும் nicotinic receptor என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல் போடுவது என்பதுதான் சிக்கல். receptor என்பது கலத்தில் இருந்துகொண்டு, வந்து பொருந்தும் பொருளின் செய்தியை வாங்கும் புரதம்; அதைத்தான் வாங்கி என்று எழுதியிருந்தேன். போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை "நிக்கொற்றீன் வாங்கி திறக்கும்" என்ற வரியை உரக்க வாசித்துவிட்டு, "நிக்கொற்றீனை ஆர் வாங்கித் திறக்கிறது சேர்?" என்று கேட்டாள். பகிடிக்குக் கேட்கவில்லை, அவளுக்கு அந்த வரி அப்படித்தான் விளங்கியிருக்கிறது.

> ஏற்பி என்று போடுங்கள், தமிழ்நாட்டில் அதுதான் வழக்கு.

அக்கா, ஏற்பி நல்ல சொல். ஆனால் எங்கட பிள்ளைகள் பாடசாலையிலேயே வாங்கி என்று படித்துவிட்டு வருகிறார்கள், இப்போது மாற்றினால் இரண்டு பொருள் இருப்பதாக நினைப்பார்கள். ஏற்றல் என்றால் இரத்தல், ஔவை "ஏற்பது இகழ்ச்சி" என்றாளே என்று ஐயா எழுப்பிய தடையை நான் ஏற்கவில்லை. மழையைக் குளம் ஏற்பதும் ஏற்றல்தானே.

எனக்குப் பட்ட சிக்கல் வேறு. இடிதாங்கி, சுமைதாங்கி, மண்வெட்டி எல்லாவற்றிலும் இகர விகுதிக்கு முன்னால் நிற்பது செயப்படுபொருள். இடியைத் தாங்குவது இடிதாங்கி. அந்தக் கணக்கில் நிக்கொற்றீன் வாங்கி என்றால் நிக்கொற்றீனை வாங்கவென்றே உடம்பில் இருப்பது என்று ஆகிவிடும். அது பிழை. உடம்பு சுரப்பது, நரம்பின் செய்தியைக் கடத்தும் அசற்றைல்கோலீனை, அதற்கு அமைந்த இடத்தில் நிக்கொற்றீனும் வந்து பொருந்துகிறது, அவ்வளவுதான். 1889இல் லாங்லி, டிக்கின்சன் என்ற ஆய்வாளர்கள் நரம்புத்திரட்டின் (நரம்புக்கலங்கள் கூடியிருக்கும் முடிச்சின்) மேல் நிக்கொற்றீனைப் பூசி, அங்கே செய்தி தடைப்படுவதைக் கண்டார்கள். 1914இல் டேல் என்ற ஆய்வாளர் அசற்றைல்கோலீனின் வேலையை மசுக்கரீன் (ஒரு காளான் நஞ்சு) போன்றது, நிக்கொற்றீன் போன்றது என்று பிரித்தார். ஆய்வுக்குக் கையில் எடுத்த நஞ்சின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வாங்கிக்குப் பதிலாகத் தம்பி சொன்ன "திறவாயில்" எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து புரதத் துண்டுகள் ஒரு துளையைச் சுற்றி நிற்கின்றன, இரண்டு அசற்றைல்கோலீன் மூலக்கூறுகள் வந்து ஒட்டியதும் துளை திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, எல்லாம் மில்லிசெக்கன் கணக்கில். வாயிலேதான். ஆனால் மசுக்கரீன் வகை வாயில் இல்லை, அது உள்ளே வேறு புரதத்தை ஏவிவிட்டு மெதுவாக வேலை செய்வது. ஒன்றை வாயில் என்றும் மற்றதை வாங்கி என்றும் எழுதினால் இரண்டும் ஒரே அசற்றைல்கோலீனுக்கு உரியவை என்ற தொடர்பு அறுந்துவிடும்.

நிக்கொற்றீனுக்குப் "புகையிலைச்சாரம்" வேண்டும் என்று ஐயா விடாப்பிடியாக நிற்கிறார். புகையிலைத் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவன் நான். வெளியிலிருந்து வந்த இலைக்குப் புகை, இலை என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்த முன்னோரை நினைத்தால் எனக்கும் பெருமைதான். ஆனால் கத்தரியிலும் தக்காளியிலும்கூட நிக்கொற்றீன் சொற்பமாக இருக்கிறது. அதோடு நாளைக்கு ஒரு தாதி மருந்துப் பெட்டியில் பார்க்கப்போவது நிக்கொற்றீன் என்ற பெயரை, புகையிலைச்சாரத்தை இல்லை.

ஆகவே "நிக்கொற்றீன்சார் அசற்றைல்கோலீன் வாங்கி" என்று போடுகிறேன். நீளம்தான். ஆனால் வாங்கிக்கு நேர் முன்னால் அசற்றைல்கோலீன் நிற்பதால் எதை வாங்குவது என்பதில் மயக்கமில்லை. முதல்முறை முழுதாக எழுதி, பிறகு "நிக்கொற்றீன்சார் வாங்கி" என்று சுருக்கலாம். மூன்று பேர் சரி என்றிருக்கிறீர்கள், ஐயா உடன்படவில்லை.

இதே பாடத்தில் உள்ள பரிவு நரம்பில் (sympathetic nerve) வரும் பரிவு அன்பு இல்லை, பரியாகிய குதிரையின் ஓட்டம் என்று ஐயா எழுதிய நீண்ட மடலுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நெஞ்சு படபடக்க ஓடவைக்கும் நரம்புக்கு ஏன் பரிவு என்று பெயர் எனப் பிள்ளைகளும் கேட்கிறார்கள்தான். அச்சு முடியட்டும் ஐயா, சனிக்கிழமை எழுதுகிறேன்.