பில் உள்ளேதான் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்குப் பார்க்கிறேன். மாத பில்லை பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்ப நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். முதல் மாதமே போன் வந்துவிட்டது. "தம்பி, லெட்டர் இருக்கு, பில்லைக் காணோமே" என்றார் ஒருவர். இன்னொருவர், "பில் வந்திருச்சு, வேற ஒண்ணுமே எழுதலையே" என்றார். என் கணினியில் திறந்தால் இரண்டுமே இருந்தன!

இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம் மெயிலின் மூல வடிவத்தைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். ஒரே கடிதத்தை வெறும் எழுத்தாகவும், வலைப்பக்கம் போல அழகாக அமைக்கும் எச்டிஎம்எல் வடிவமாகவும் சேர்த்து அனுப்ப 'மல்டிபார்ட் ஆல்டர்நேட்டிவ்' என்று ஒரு பொட்டலம் உண்டு. அதற்குள் இருப்பதெல்லாம் ஒரே விஷயத்தின் வேறு வேறு உருவம் என்றுதான் மெயில் புரோகிராம் எடுத்துக்கொள்ளும். எளியது முதலில், சிறந்தது கடைசியில். தனக்குக் காட்டத் தெரிந்தவற்றில் கடைசியானதைக் காட்டிவிட்டு மற்றதை விட்டுவிடும். ஒரு மெயிலுக்குள் பல பகுதிகளை எப்படி அடுக்குவது என்று சொல்லும் விதிக்கு மைம் என்று பெயர்; 1992-இல் போரன்ஸ்டைனும் ஃப்ரீடும் எழுதிய அந்த விதியிலேயே இது இருக்கிறது. மைம் தெரியாத பழைய புரோகிராமில் திறந்தாலும் படிக்கக்கூடிய எழுத்து முதலில் கண்ணில் படட்டும் என்று யோசித்து வைத்த வரிசை அது. எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

நான் பில்லையும் அதே பொட்டலத்தில் மூன்றாவதாகப் போட்டிருந்தேன். பிடிஎஃப் காட்டத் தெரிந்த மெயில் புரோகிராம் கடிதத்தை விட்டது, தெரியாதது பில்லை விட்டது. என் கணினியில் இருந்த புரோகிராம் விதியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் காட்டியதால் தவறு எனக்குப் புலப்படவே இல்லை.

வெளியே 'மல்டிபார்ட் மிக்ஸ்டு' என்ற பெரிய பொட்டலம், அதற்குள் முதலில் கடிதப் பொட்டலம், அதன் பக்கத்தில் பில். இப்படி மாற்றியதும் சரியாகிவிட்டது. இப்போது எதை அனுப்பினாலும் மூன்று வேறு புரோகிராம்களில் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

பதில்:

எனக்கு வேறு மாதிரி நடந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்ட அறிவிப்பை முந்தைய மெயிலிலிருந்து எடுத்துத் திருத்தினேன். எச்டிஎம்எல் பகுதியில் தேதியை மாற்றினேன், வெறும் எழுத்துப் பகுதியைத் தொடவில்லை. எழுத்தாக மட்டுமே மெயில் படிக்கும் பெரியவர் ஒருவர் முந்தின ஞாயிறே வந்து, பூட்டிய கூடத்தின் வாசலில் அரைமணி நேரம் நின்றிருக்கிறார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எழுத்துப் பகுதியைத்தான் முதலில் எழுதுகிறேன்.