மறு: கைடட் செல்ஃப்-ஹெல்ப், 'வழிகாட்டப்பட்ட சுயஉதவி' சரியா?

அனைவருக்கும் வணக்கம். உண்ணும் கோளாறுகள் பற்றிய நம் மனநலக் கையேட்டில் 'கைடட் செல்ஃப்-ஹெல்ப்' என்ற சிகிச்சை முறைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு அக்கா எழுதியது:

> 'வழிகாட்டப்பட்ட சுயஉதவி' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரிகிறது அக்கா, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. போன வாரம் தக்கலையில் பக்கத்து வீட்டு மதினியிடம் கையேட்டின் தலைப்பை மட்டும் காட்டினேன். "எந்த பேங்க்ல லோன்? வட்டி எவ்வளவு?" என்று கேட்டார். சுயஉதவி என்றாலே நம் ஊரில் மகளிர் குழு, சேமிப்பு, தவணை. அந்தச் சொல் ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டது.

பொருளைப் பார்ப்போம். கட்டுப்பாடு இழந்து உண்ணும் கோளாறு உள்ளவர் இணையத்தில் ஒவ்வொரு பாடமாகப் படிக்கிறார். எப்போது, எங்கே, என்ன சாப்பிட்டார், அப்போது மனம் எப்படி இருந்தது, பிறகு வாந்தி எடுத்தாரா என்று அன்றன்றே குறித்துக்கொள்கிறார். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிறுதீனி என்று நேரத்தை ஒழுங்குபடுத்துகிறார். பட்டினி கிடந்தால் சாயங்காலம் அளவில்லாமல் உண்ணும் வெறி திரும்பவும் வரும் என்பதால் சிகிச்சையின் முதல் படிகளில் இதுவும் ஒன்று. பயிற்சி பெற்ற ஒருவர் குறிப்புகளைப் பார்த்து அவ்வப்போது பேசுவார். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017இல் தந்த வழிகாட்டுதலில், 16 வாரங்களில் 4 முதல் 9 சந்திப்புகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். அவ்வளவுதான். மீதி எல்லாம் அவர் பாடு.

எங்கள் ஊர்க் குளத்தில் இரண்டு உரிக்காத தேங்காயைக் கட்டிக்கொண்டுதான் நீச்சல் படித்தேன். கையும் காலும் அடித்தது நான். மாமா படித்துறையில் பல் தேய்த்துக்கொண்டு நிற்பார், தண்ணீரில் இறங்கவே மாட்டார். "தலையைத் தூக்காதே மக்கா" என்பார், அப்புறம் வாய் கொப்பளிப்பார். அந்த மாமாவுக்கு ஒரு பெயர் வேண்டும். 'வழிகாட்டப்பட்ட' என்பதில் அவர் இல்லை. படு-விகுதியில் நீச்சல் அடிப்பவனும் காணாமல் போகிறான்.

ஆகவே 'துணைவர்' என்றேன். மார்த்தாண்டத்துத் தம்பி உடனே எழுதிவிட்டார்:

> அண்ணா, துணைவர் என்றால் வீட்டுக்காரர். "உங்கள் துணைவர் வாரம் ஒருமுறை பேசுவார்" என்றால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் அழுவார்கள்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். வழித்துணை? 'வழி'யும் வந்துவிடுகிறது, நடக்கிறவர் வேறு என்பதும் தெரிகிறது. என் பரிந்துரை: வழித்துணைத் தற்பயிற்சி. இணையத்தில் என்றால் முன்னால் 'இணையவழி' சேர்க்கலாம். இரண்டு 'வழி' இடிக்கிறது என்பவர்கள் 'இணைய' என்று மட்டும் போடட்டும்.

'தற்' என்றால் தற்கொலை நினைவு வரும் என்று ஒரு ஐயா தயங்கினார். மனநலக் கையேட்டில் இந்தத் தயக்கம் நியாயமே. ஆனால் தற்காப்பு, தற்சார்பு எல்லாம் இருக்கின்றன. தலைப்பில் மட்டும் 'வழித்துணையோடு நீங்களே செய்யும் பயிற்சி' என்று விரித்து எழுதிவிட்டால் தீர்ந்தது.

அளவின்றி உண்டுவிட்டு வாந்தி முதலியவற்றால் வெளியேற்றும் புலிமியாவுக்கு 'யானைத்தீ' (எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி) என்று வந்த பரிந்துரை அழகு. கிரேக்கத்தில் அது மாட்டுப் பசி, மணிமேகலையில் காயசண்டிகைக்கு யானைத்தீ. ஆனால் அவளுக்கு வந்தது முனிவர் சாபம், அமுதசுரபிச் சோறு விழுந்ததும் தீர்ந்தது. இங்கே சோறு போட்டால் தீராது. உண்டதை வெளியேற்றுவதும் அந்தச் சொல்லில் இல்லை. கட்டுப்பாடு இழந்து உண்பதற்கு 'பெருந்தீனி'யும் வேண்டாம். தேவாலயத்தின் ஞானோபதேச வகுப்பில் போசனப்பிரியம் (பெருந்தீனி) தலையான பாவங்களில் ஒன்று என்று படித்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய. நோயைப் பாவமாக எழுதிவைத்தால் யார் பக்கத்தைத் திறப்பார்கள்? 'கட்டிழந்து உண்ணல்' போதும்.

இன்னொன்று. அந்த நைஸ் வழிகாட்டுதல் இந்த முறையைப் புலிமியாவுக்கும் கட்டிழந்து உண்ணலுக்கும்தான் சொல்கிறது, உடல் மெலிய மெலியப் பட்டினி கிடக்கும் அனோரெக்சியாவுக்கு அல்ல. வரைவில் அது மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறேன். சொல்லைப் பற்றி வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.