புதுப்பிப்பு: 1996 கொரோலாவின் நடுக்கம் நின்றது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: புதிதாக வாங்கிய 1996 டொயோட்டா கொரோலா கார், சும்மா நிற்கும்போது நடுங்குகிறது, மேடேறும்போது திக்குகிறது, என்ன செய்யலாம் என்று. பலர் இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக் பொறி விட உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) கெட்டிருக்கும் என்றீர்கள். ஒருவர் மட்டும் "முதலில் பிளக் வயரை உருவிப் பாருங்கள்" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

மூன்றாவது சிலிண்டரின் வயரை இழுத்தேன். ரப்பர் முனை எண்ணெயில் ஊறி, உப்பி, கொழகொழவென்று வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பிளக் குழிக்குள் கறுத்த ஆயில் தேங்கிப் பளபளத்தது. எஞ்சினின் மேல் மூடியான வால்வு கவரைத் திறந்தேன். ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் காய்ந்த ஓலை மாதிரி ஒடிந்தது. கசிந்த ஆயில்தான் பொறியைக் கெடுத்து வண்டியை நடுங்க வைத்திருக்கிறது. இத்தனை வருடச் சூட்டில் எந்த ரப்பரும் அப்படித்தான் ஆகும்.

குழியில் இருந்த ஆயிலை முழுதாக உறிஞ்சி எடுத்த பிறகே பிளக்கைக் கழற்றினேன். மாற்றிச் செய்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். கேஸ்கெட், பிளக் குழியை அடைக்கும் வளையங்கள், பிளக், வயர் எல்லாம் புதுசு. சாவியைத் திருப்பினேன், டாஷ்போர்டில் வைத்திருந்த ஸ்க்ரூடிரைவர் அசையவே இல்லை. அந்த நிமிடத்துக்காகத்தான் பழைய வண்டி வாங்குகிறேன்.

டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் பெல்ட்) அறுந்தால் எஞ்சினே போய்விடும் என்று கவலைப்பட்டவர்களுக்கு: இது டொயோட்டாவின் 1587 சிசி 4ஏ-எஃப்இ எஞ்சின். பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வில் இடிக்காது, வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனாலும் வயது தெரியாத பெல்ட்டை நம்பிக் குடும்பத்தை ஏற்ற மாட்டேன். புது பெல்ட் வாங்கி வைத்துவிட்டேன், அடுத்த ஞாயிறு அந்த வேலைதான்.