ஈமோகுளோபின் ‘திரிபா’, ‘வேற்றுருவா’?

வணக்கம்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஈமோகுளோபின். குழந்தைகளின் ரத்தச் சோதனை அறிக்கையில் அதன் மாறுபட்ட வகையை (variant) தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு. ‘திரிபு’ என்று முன்மொழிந்தவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். ஓர் எழுத்து இன்னொன்றாகத் திரிகிறது. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் அரிவாள் செல் நோய்க்குக் காரணமான ஈமோகுளோபின் எஸ்-இலும் அதுதான் நடக்கிறது. ஈமோகுளோபினில் ஆல்ஃபா, பீட்டா என்று அமினோ அமிலச் சங்கிலிகள் உண்டு; பீட்டா சங்கிலியின் 6-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் போய் வாலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் எல்லா வகையும் திரிதல் இல்லையே. கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் வகையில் ஆல்ஃபா சங்கிலி 31 அமினோ அமிலங்கள் கூடுதலாக நீண்டுவிடுகிறது, அது தோன்றல். கன் ஹில் வகையில் பீட்டா சங்கிலியில் 5 அமினோ அமிலங்கள் இல்லாமல் போகின்றன; அது கெடுதல். மூன்றுக்கும் இலக்கணம் தரும் பொதுப்பெயர் ‘விகாரம்’. அதை அறிக்கையில் எழுதவே முடியாது.

‘திரிபு’ என்றாலும் திரிந்துபோன பால்தான் நினைவுக்கு வரும். எஸ் மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். அவரிடம் போய் ரத்தம் திரிந்திருக்கிறது என்பதா? என் மனம் ஒப்பவில்லை. ‘வேற்றுரு’ என்றால் உரு வேறு, அவ்வளவுதான், பழிச்சொல் இல்லை.

சரி, அதன் எல்லை எது? பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பெரும்பங்கு ஈமோகுளோபின் எஃப். அது இயல்பானது, வேற்றுரு அல்ல. ‘கருக்கால ஈமோகுளோபின்’ என்போம். குதிகாலில் குத்தி எடுத்த துளியை ஆராய்ந்து, அளவில் மிகுந்ததை முதலில் எழுதுவார்கள். ஏ என்பது பெரியவர்களின் இயல்பான ஈமோகுளோபின்; எஃப்-ஏ என்றால் இயல்பு. எஃப்-ஏ-எஸ் என்றால் எஸ் ஒரு பிரதி. ஏ இல்லாமல் எஃப்-எஸ் என்று வந்தால் அரிவாள் செல் நோயா என்று உடனே பார்க்க வேண்டும்.

தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறை இந்தச் சொல்லுக்குள் அடைக்கக் கூடாது. அங்கே சங்கிலியின் உற்பத்தியே குறைவு. ‘ஆக்கக் குறைவு’ என்று தனியே வைக்கலாம். பெரியவர்களுக்கு ஏ2 என்ற சிறுபங்கு ஈமோகுளோபினின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவரா என்று பார்க்கிறோம். பச்சிளங்குழந்தைக்கு ஏ2 மிகமிகக் குறைவு என்பதால் அந்தக் கணக்கு செல்லாது.

அப்புறம், இந்தச் சோதனையை ஆங்கிலத்தில் ‘screening’ என்கிறார்கள். அதற்குத் ‘திரையிடல்’ வேண்டாம், அது சினிமாவுக்குரியது. ‘வடிகட்டல்’ ஆய்வகத்தில் வேறொரு வேலை. ‘கண்டறிதல்’ என்றால் நோய் உறுதியானதாகிவிடும். பலரிலிருந்து சிலரைச் சலித்து எடுக்கும் வேலைக்கு ‘சலித்தறி சோதனை’ என்பது என் பரிந்துரை.

இப்படி எழுதிப் பார்த்தேன்: “உங்கள் குழந்தையின் சலித்தறி சோதனையில் எஸ் என்ற வேற்றுரு தென்பட்டது. உறுதிசெய்ய இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும்.” ஒரு தாய்க்கு இது புரியுமா? எந்தச் சொல் இடறுகிறது என்று சொல்லுங்கள்.