ஏமாற்றத்துக்குப் பின் வாக்குத்தத்தத்தை நம்புவது எப்படி?

கேள்வி:
புத்தாண்டு ஆராதனையில் அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்தமாக, அதாவது தேவனுடைய உறுதிமொழியாக, அட்டையில் கிடைத்த வேதாகமத்தின் எரேமியா 29:11 வசனத்தை (நல்ல எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் தருவதாகத் தேவன் சொல்லும் வசனம்) பிடித்துக்கொண்டு குழந்தைக்காக நானும் என் கணவரும் ஜெபித்துவந்தோம். தரித்த கருவும் கலைந்துபோனது. இப்போது எந்த வாக்குத்தத்தத்தையும் உரிமையோடு சொல்ல மனம் அஞ்சுகிறது. இது அவிசுவாசமா?

பதில்:
இல்லை, சகோதரி. 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில், மகன் பிறப்பான் என்று தீர்க்கதரிசி எலிசா சொன்னபோது, தன்னிடம் பொய் சொல்லவேண்டாம் என்றே சூனேம் ஊர்ப் பெண் கேட்டுக்கொண்டாள். பிறந்த மகன் இறந்த நாளில் அவள் கர்மேல் மலைக்கு விரைந்து, தீர்க்கதரிசியின் கால்களைப் பற்றிக்கொண்டு, பிள்ளை வேண்டுமென்று நானா கேட்டேன் என்று முறையிட்டாள். அவளை விலக்க வந்த தன் வேலைக்காரன் கேயாசியைத்தான் எலிசா தடுத்தார், அவளை அல்ல. உங்கள் அச்சத்தை அப்படியே ஜெபத்தில் சொல்லுங்கள்.

மற்றொரு பதில்:
நீங்கள் சொன்ன எரேமியா 29:11 வசனம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் உள்ளது. அதற்கு முந்தைய வசனமே 70 ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அதை ஓர் ஆண்டுக்குரிய உறுதிமொழியாக அட்டையில் அச்சிட்டுக் கொடுப்பது, துயரப்படுகிறவர்கள்மேல் தேவன் வைக்காத பாரத்தை வைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. முந்தைய வசனத்தை எங்களுக்கு ஒருவரும் வாசித்துக் காட்டியதில்லை. இன்று இரவு இருவரும் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசிக்கிறோம்.