பதில்: முனைவுப் படைமண்டல முகிலுக்கு ஒரு சொல்

அன்புள்ள அக்கா, மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

முனைவுப் படைமண்டல முகிலுக்கு (polar stratospheric cloud; முனைவுகளுக்கு மேலே, வளிமண்டலத்தின் படைமண்டல அடுக்கில் உண்டாகும் முகில்) சுருக்கமான ஒரு சொல் தேடுகிறோம். அதற்கு நீங்கள் சொன்ன 'முத்து முகில்' காதுக்கு இனிமையாக இருக்கிறது. சிப்பியின் உட்புறம்போல மினுங்கும் அந்த முகிலுக்குப் பொருந்தவும் செய்யும். ஆனால் ஓசோன் படை அழிவுக்குத் துணைபோகும் முகில்கள் எல்லாம் அப்படி மினுங்குவதில்லை. நைத்திரிக்கமிலம் சேர்ந்த வகை மங்கலாகவே தெரியும். பாடத்துக்கு வேண்டியது காரணத்தைக் காட்டும் பெயர்.

நான் பிடிவாதமாக நிற்பது ஒரு பிள்ளையால். போன கிழமை வெள்ளவத்தையில் வகுப்பு நடக்கும்போது எழும்பிக் கேட்டாள்: "சேர், காஸ் கொழும்பிலயும் வெளியேறுது, ஓட்டை மட்டும் ஏன் அந்தாட்டிக்காவில?" அவளுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நான் பலகையில் எழுதிய 'முனைவுப் படைமண்டல முகில்' நீளம் தாங்காமல் 'படைமுகில்' ஆகியிருந்தது. வில்லங்கம் அங்கேதான். புவியியலில் படைமுகில் என்பது தாழ்வாகப் பரந்து கிடக்கும் வேறொரு முகில். இதுவோ 15 முதல் 25 கிலோமீற்றர் உயரத்தில் உண்டாவது.

சரி, அவள் கேள்விக்கு வருவோம். அவள் சொன்ன காஸ், அதாவது ஓசோனைக் கெடுக்கும் குளோரோபுளோரோகாபன் (CFC), எங்கே வெளியேறினாலும் காற்றில் கலந்து உலகம் முழுக்கப் பரவிவிடும். மேலே போய் உடையும்போது வரும் குளோரீனில் பெரும்பகுதி ஐதரசன் குளோரைட்டாகவும் குளோரீன் நைத்திரேற்றாகவும் ஓசோனைத் தாக்காமல் அடங்கிக் கிடக்கும். அந்தாட்டிக்காவின் குளிர்காலத்தில் நிலைமை மாறுகிறது. வெயிலே இல்லை. முனைவைச் சுற்றி வீசும் பலத்த காற்றான முனைவுச் சுழல் உள்ளிருக்கும் காற்றை வெளியே விடாமல் வளைத்து வைத்திருக்கிறது. வெப்பநிலை −78 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்க, இந்த முகில் பிறக்கிறது. அதன் துணிக்கைகளின் மேற்பரப்பில் அந்த இரண்டு சேர்வைகளும் தாக்கமுற்றுக் குளோரீன் வாயுவை விடுவிக்கின்றன. நைத்திரிக்கமிலம் துணிக்கையிலேயே தங்கிவிடுவதால் குளோரீனைத் திரும்ப அடக்குவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. செப்டெம்பரில் வெயில் திரும்பியதும் குளோரீன் அணுக்களாக உடைந்து, ஒவ்வொன்றும் ஊக்கியாக, அதாவது தான் தீர்ந்துபோகாமல் தாக்கத்தை நடத்துவதாக, நின்று ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கிறது.

அந்தாட்டிக்காவின் ஹேலி குடா ஆய்வு நிலையத்தில் அளந்தவர்கள் ஓசோன் குறைவதை 1985இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க வளிமண்டல இரசாயனவியலாளர் சூசன் சொலமனும் அவருடன் சேர்ந்தவர்களும் இந்த முகிலைக் காரணத்தின் நடுவில் வைத்து விளக்கினார்கள். வடமுனைவில் சுழல் இவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. 2011, 2020 போன்ற கடுங்குளிர் ஆண்டுகளில்தான் அங்கே இழப்பு பெரிதானது.

ஆகவே என் பரிந்துரை 'முனைவிருள் முகில்'. மாதக்கணக்கில் நீளும் அந்த இரவுக்கு 'முனைவிருள்' என்ற சொல்லும் கூடவே கிடைத்துவிடும். ஓசோனை அழிக்க ஒளி வேண்டுமே, பெயரில் ஏன் இருள் என்று நீங்கள் கேட்கக்கூடும். அழிவுக்கு ஆயத்தம் நடப்பது இருளில், அக்கா. அந்த நீண்ட குளிர் இல்லையென்றால் வெயில் வந்தும் இவ்வளவு கேடு செய்யாது. அந்தப் பிள்ளை கேட்ட 'ஏன் அங்கே' என்பதற்குப் பாதிப் பதில் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

ஒன்று மட்டும். பழைய கலைச்சொற் பட்டியல்களின் வழக்கப்படி புணர்த்தி 'முனைவிருண்முகில்' என்று எழுத வேண்டாம். பிள்ளைகளுக்கு இருள் கண்ணில் படாது. இரண்டு சொல்லாகவே இருக்கட்டும். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள். சனிக்கிழமை வகுப்புக்குக் குறிப்பு அச்சடிக்க வேண்டும்.